நிரை பிடித்த மூலக்கூறுகள்

(இரத்தினபுரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெளிச்சம் பட்டால் வளைகிற, சுருங்குகிற, நிறம் மாறுகிற பொருள்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டீர்கள். விஞ்ஞானத்தில் இவற்றை ஒளிக்குத் துலங்கும் பல்பகுதியங்கள், ஒளிக்குத் துலங்கும் பளிங்குகள் என்று வகுத்திருக்கிறார்கள். தொலைக்காட்சித் திரை, கண்ணுக்குள் வைக்கும் வில்லை, லேசர் என்று பல கருவிகளுக்குள் இவை இருக்கின்றன. தலைப்பைக் கேட்டதும் ஜப்பானிலோ ஜேர்மனியிலோ உள்ள ஆய்வுகூடம்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே போகத்தான் போகிறோம். ஆனால் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பெல்மதுளையிலும் எகலியகொடையிலும் நம் காலடியில் கிடக்கும் பொருள்களிலிருந்து தொடங்கிப் போவோம். இறப்பர், கறுவா, நீலக்கல் ஆகிய மூன்றும் இந்தத் துறையின் நடுவீட்டுப் பொருள்கள்.

நான் சொல்ல வந்த விடயம் ஒன்றுதான். தனி ஒரு மூலக்கூறில் வெளிச்சம் செய்யும் மாற்றம் மிகச் சிறியது. மூலக்கூறுகள் ஒழுங்காக நிரை பிடித்து நிற்கிற இடத்தில்தான் அந்தச் சிறு மாற்றம் கண்ணால் காணக்கூடிய வேலையாகிறது.

இறப்பர்ப் பாலை எடுத்துக்கொள்வோம். என் அம்மா பால் வெட்டியவர். விடியுமுன் பேர் பதியும் பிரட்டுக்குப் போய், ஏறத்தாழ 300 மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். அதிகாலையில்தான் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியே விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பால் குறையும். வெட்டு ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த ஆழம் கைக்குத்தான் தெரியும். இரத்தினபுரிப் பக்கத்து மழையைச் சொல்ல வேண்டியதில்லை. "மழை இறங்குது புள்ள, சிரட்டையக் கவுத்துட்டு ஓடியா" என்ற குரல் இங்கே வளர்ந்த எல்லோர் காதிலும் இருக்கும். அன்றைய வெட்டும் அன்றைய பேரும் அந்த மழையோடு போய்விடும்.

சிரட்டையில் வடிந்த பாலை ஒரு துளி எடுத்து நகத்தில் பூசிக் காய விட்டுப் பாருங்கள். வெள்ளை நிறம் மெல்ல மறைந்து, இளமஞ்சள் சாயலோடு தெளிவான தோல் ஒன்று நிற்கும். வெள்ளை எங்கே போனது? இறப்பருக்கு வெள்ளை நிறமே கிடையாது. பாலில் நுண்ணிய இறப்பர்த் துணிக்கைகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீரின் முறிவுச்சுட்டி 1.33, இறப்பரின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.52. ஒவ்வொரு துணிக்கையின் விளிம்பிலும் வெளிச்சம் திசை மாறிச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் போனதும் துணிக்கைகள் ஒன்றாகின்றன, விளிம்புகள் இல்லாமல் போகின்றன, வெளிச்சம் நேராகக் கடந்து செல்கிறது. ஒளியியலின் முதல் பாடம் அந்தச் சிரட்டையிலேயே இருக்கிறது.

இறப்பர் ஓர் இயற்கைப் பல்பகுதியம். ஐசோப்பிரீன் என்ற சிறு அலகு ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகிறது. சும்மா கிடக்கும் இறப்பரில் இந்தச் சங்கிலிகள் சிக்கு விழுந்த நூல்போலத் தாறுமாறாகக் கிடக்கும். இழுத்தால் என்ன ஆகும்? 1805ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜோன் கஃப் என்பவர் இதைப் பற்றி எழுதினார். சிறு வயதில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். அவர் இறப்பர்த் துண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தார், சூடு தெரிந்தது. தளர விட்டார், குளிர்ந்தது. வெப்பமானி தேவைப்படவில்லை, உதடு போதுமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அகலமான இறப்பர் பட்டி ஒன்றை வைத்து நீங்களும் செய்து பாருங்கள். கண்ணில்லாத ஒருவர் தொட்டு அறிந்ததைப் பௌதிகவியலாளர்கள் பிற்பாடு வெப்பவியக்கவியல் சமன்பாடாக எழுதினார்கள்.

அதற்கு 120 ஆண்டுகள் கழித்து, 1925இல், ஒல்லாந்தரான ஜே. ஆர். காட்ஸ் இழுத்த இறப்பருக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார். இழுக்காத இறப்பரின் படத்தில் மங்கலான ஒரு வட்டம் மட்டும் இருந்தது. இழுத்த இறப்பரின் படத்தில் கூர்மையான புள்ளிகள் வந்தன. அப்படிப் புள்ளிகள் வந்தால் உள்ளே பளிங்கு இருக்கிறது என்று பொருள். மூன்று நான்கு மடங்கு இழுத்ததும் சங்கிலிகள் ஒரே திசையில் அணிவகுத்து ஆங்காங்கே பளிங்காகிவிடுகின்றன. விட்டதும் பளிங்கு கலைந்துவிடுகிறது. கையால் இழுத்துப் பளிங்கு செய்து, கையை விட்டு அதைக் கலைக்கக்கூடிய பொருள் உலகில் எத்தனை இருக்கிறது? இறப்பரில் ஒரு வெடிப்பு விழுந்தால் அதன் நுனியில்தான் இழுவிசை மிக அதிகம். அந்த இடத்திலேயே பளிங்கு உண்டாகி வெடிப்பு மேலே ஓடாமல் தடுக்கிறது. ஆகாய விமானத்தின் டயருக்கு இன்றும் இயற்கை இறப்பரையே பெரிதும் நம்புவதற்கு இது முக்கியமான காரணம்.

பளிங்காகும் இந்தச் செய்கையை வெளிச்சத்தைக் கொண்டே பார்க்கலாம். பழுதான கல்குலேட்டரின் திரையில் முனைவாக்கத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அப்படி இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் இருட்டாகிவிடும். இடையில் மெல்லிய, வெளிறிய இறப்பர்த் தோலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். இருட்டுக்குள் வெளிச்சம் வரும், பிறகு நிறங்கள் வரும். இழுப்பின் திசையில் ஒரு முறிவுச்சுட்டி, குறுக்குத் திசையில் வேறொரு முறிவுச்சுட்டி என்று இறப்பர் மாறிவிடுவதால் இது நடக்கிறது. நம் மண்ணின் மெல்லிய வெளிர் கிரேப் இறப்பர் இதற்கு மிகவும் ஏற்றது. மஞ்சள் பகுதியை முதலில் உறைய வைத்து நீக்கி, பழுப்பேறாமல் சோடியம் பைசல்பைற்று சேர்த்து, உருளைகளில் தண்ணீர் விட்டு அரைத்து எடுக்கும் அந்த இறப்பருக்கு இலங்கை உலகெங்கும் பேர் வாங்கியிருக்கிறது.

இதே இறப்பரை வெயிலில் போட்டு வைத்தால் பிசுபிசுக்கும். புகைக்கூடத்திலும் நிழலிலும் காய வைப்பதன் காரணம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சூரிய ஒளியும் ஒட்சிசனும் சேர்ந்து நீண்ட சங்கிலிகளை ஆங்காங்கே அறுக்கின்றன. இதுவும் வெளிச்சத்துக்கு இறப்பர் காட்டும் துலங்கல்தான். ஆனால் கெடுகிற துலங்கல். கெடாமல், வெளிச்சம் சொன்னபடி அசைந்து, வெளிச்சம் மாறியதும் பழைய நிலைக்குத் திரும்புகிற இறப்பரைச் செய்ய முடியுமா? இந்தத் துறை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் விரிகிறது.

அதற்கு அசையும் மூலக்கூறு ஒன்று வேண்டும். சாயப் பொருள்களில் பழக்கமான அசோபென்சீன் அப்படிப்பட்டது. இரண்டு பென்சீன் வளையங்களை இரண்டு நைதரசன் அணுக்கள் இணைக்கின்றன. இயல்பாக அது நீண்டு நிற்கும். 365 நனோமீற்றர் அளவிலான புறஊதா ஒளி பட்டால் நடுவில் மடங்கிவிடும். 450 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளி பட்டாலோ, சற்றுச் சூடாக்கினாலோ திரும்ப நிமிரும். இந்த மடங்கிய வடிவத்தை 1937இல் ஹார்ட்லி என்ற ஆங்கில இரசாயனவியலாளர் கண்டுபிடித்தார். மடங்கும்போது இரு முனைகளுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 0.9 நனோமீற்றரிலிருந்து 0.55 நனோமீற்றராகக் குறைகிறது. அவ்வளவுதான் அதன் அசைவு. ஒரு குவளைத் திரவத்தில் கோடிக்கணக்கான அசோபென்சீன் மூலக்கூறுகள் மடங்கினாலும் குவளை அசையாது; ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்து மடங்குகிறது.

மாரியம்மன் கோயில் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்க வடத்தைப் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சில்லு நகராது. எல்லோரும் ஒரே முகமாக நின்று இழுத்தால், ஒவ்வொருவரும் ஓரடி எடுத்து வைத்தாலே தேர் நகர்ந்துவிடும்.

மூலக்கூறுகளை அப்படி ஒரே முகமாக நிறுத்துகிற நிலை திரவப் பளிங்கு. திரவம்போல ஓடும், பளிங்குபோல ஒழுங்கு காக்கும். திரவப் பளிங்கு ஆராய்ச்சியில் நம்மவர் பெயர் ஒன்று உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. சி. வி. இராமனின் மருமகனான எஸ். சந்திரசேகர், பெங்களூரின் இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சதாசிவ, சுரேஷ் ஆகியோரோடு சேர்ந்து, கோல் வடிவ மூலக்கூறுகள் மட்டுமல்ல, வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் பளிங்காகும் என்று 1977இல் காட்டினார். விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இருவரும் ஒரே குடும்பம்.

திரவப் பளிங்கையும் இறப்பரையும் ஒன்றாகப் பின்னினால் என்ன ஆகும் என்று 1975இல் பிரான்சின் தெ ஜென் எழுதினார். ஜேர்மனியில் ஃபிங்கெல்மான் 1981இல் அப்படிப்பட்ட இறப்பரைச் செய்தார். 2001இல் அவரும் கூட்டாளிகளும் அதற்குள் அசோபென்சீனைச் சேர்த்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சியபோது, இறப்பர் 20 சதவீதம் வரை சுருங்கியது. 2003இல் ஜப்பானின் யூ, நகானோ, இகேடா மூவரும் செய்த மெல்லிய தோல் இன்னும் வியப்பானது: முனைவாக்கிய ஒளியின் திசையை மாற்றினால் தோல் வளையும் திசையும் மாறியது. 2008இல் இகேடாவின் குழு அந்தத் தோலைப் பட்டியாக இரண்டு சில்லுகளின் மேல் மாட்டி, ஒரு பக்கம் புறஊதா ஒளியையும் மறுபக்கம் சாதாரண ஒளியையும் பாய்ச்சியது. வயர் இல்லை, மின்கலம் இல்லை, சில்லு சுற்றியது. அந்தப் படக்காட்சியை மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். பல்பகுதியமே வேண்டாம், தனிப் பளிங்கும் இதைச் செய்யும் என்று 2007இல் கொபடாகே, இரியே குழுவினர் காட்டினார்கள்; டயரிலெதீன் பளிங்கு ஒளி பட்டதும் உருமாறி, வேறு ஒளியில் பழைய உருவுக்குத் திரும்பியது.

இப்போது கறுவாவுக்கு வருகிறேன். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதுதான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்தருளுங்கள்.

இரத்தினபுரி மாவட்டத்தில் கறுவா வளர்கிறது. கறுவா உரிப்பவர் மேற்பட்டையைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்துப் பட்டையை நெகிழச் செய்து, கத்தி முனையால் நீளமாகக் கீறிக் கழற்றுவார். பிறகு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் சுருளாக்கி நிழலில் காய வைப்பார். நேர் வெயில் பட்டால் சுருள் கோணும். அந்தப் பட்டையின் எண்ணெயில் பெரும்பங்கு சினமல்டிகைட்டு. காற்றுப் பட்டு அது ஒட்சியேறினால் சினமிக் அமிலம் என்ற வெண்பளிங்கு உண்டாகும். அந்தப் பளிங்கை வெயிலில் வைத்தால் வேறொரு பொருளாக மாறுகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார்கள். இரண்டு மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் திறந்து, ஒன்றோடொன்று கோத்து, நான்கு காபன்கள் கொண்ட சதுர வளையமாகிவிடுகின்றன.

அதில் ஒரு புதிர் இருந்தது. சினமிக் அமிலச் சேர்வைகள் பளிங்காகும் விதம் மூன்று. ஒரு வகைப் பளிங்கை வெயிலில் வைத்தால் ஒரு பொருள் கிடைத்தது. இரண்டாம் வகை வேறு பொருளைத் தந்தது. மூன்றாம் வகையை எவ்வளவு நேரம் வெயிலில் வைத்தாலும் ஒன்றுமே நடக்கவில்லை. மூலக்கூறு ஒன்றே, வெயில் ஒன்றே. விளைவு மட்டும் மூன்று விதம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ஷ்மிட் என்பவர் ஆண்டுக்கணக்கில் இந்தப் பளிங்குகளை எக்ஸ் கதிரால் அளந்து 1964இல் விடை சொன்னார். பக்கத்து மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும், ஏறத்தாழ 0.42 நனோமீற்றருக்குள்ளும் நின்றால்தான் வெளிச்சம் அவற்றைக் கோக்கும். அதைவிடத் தள்ளி நின்றால் கோக்காது. எந்த முகமாக நிற்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும் பொருளும் அமையும். நிரையின் இடைவெளியும் முகமும்தான் தீர்ப்பு எழுதுகின்றன.

இந்த விதியைச் சோதித்துப் பார்த்ததில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கே. வெங்கடேசனும் வி. இராமமூர்த்தியும் நடத்திய ஆய்வுகளுக்குத் தனி இடம் உண்டு. கூமரின் வகைப் பளிங்குகளில் விதிக்கு வெளியே நிற்கும் சிலவும் வெயிலில் கோத்துக்கொள்வதை 1980களில் அவர்கள் காட்டினார்கள். பளிங்கின் கூட்டுக்குள் மூலக்கூறு அசைய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற தெளிவு அதனால் பிறந்தது. 1987இல் அவர்கள் இருவரும் எழுதிய ஆய்வுரையை இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

கறுவாவின் அந்தச் சேர்வை கருவிகளுக்குள் எப்படிப் புகுந்தது? அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் லூயிஸ் மின்ஸ்க் என்பவர் சினமேற்றுக் கூறுகளை நீண்ட சங்கிலி ஒன்றில் தொங்கவிட்டார். வெளிச்சம் பட்ட இடத்தில் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்து இறுகின, கரைப்பானில் கரையவில்லை. படாத இடம் கழுவப்பட்டுப் போனது. வெளிச்சத்தால் உலோகத் தகட்டில் கோடு எழுதும் வழி இது. 1950களில் சந்தைக்கு வந்த அந்தப் பொருள் அச்சுத் தகடுகளுக்கும் மின்சுற்றுத் தகடுகளுக்கும் ஆரம்பகாலக் குறைகடத்திகளுக்கும் பயன்பட்டது. 1992இல் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட்டும் குழுவினரும் அதே வகைத் தோலில் முனைவாக்கிய ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளியின் திசைக்கு ஏற்பச் சினமேற்றுக் கூறுகள் கோத்துக்கொண்டன. அந்தத் தோலின்மேல் வைத்த திரவப் பளிங்குகள் அந்தத் திசைக்குக் குறுக்காக ஒரே முகமாக நின்றன. அதுவரை திரைக் கண்ணாடியைத் துணி உருளையால் தேய்த்துத்தான் திரவப் பளிங்கை நிரைப்படுத்தினார்கள். தூசியும் கீறலும் தீராத தொல்லை. தொடாமல், ஒளியாலேயே நிரை பிடிக்க வைக்கும் முறை பிற்பாடு பெரிய தொலைக்காட்சித் திரைகளின் தயாரிப்பில் இடம் பிடித்தது. 2005இல் ஜேர்மனியின் லென்ட்லைனும் அமெரிக்காவின் லாங்கரும் கூட்டாளிகளும் சினமிக் அமிலக் கூறுகளைச் சேர்த்து இன்னொரு பல்பகுதியம் செய்தார்கள். அதை இழுத்துப் பிடித்து 260 நனோமீற்றருக்கு மேற்பட்ட புறஊதா ஒளியைக் காட்டினால் அந்த வடிவிலேயே நிற்கும். 260க்குக் குறைந்த ஒளியைக் காட்டினால் கோப்பு அவிழ்ந்து பழைய வடிவுக்குத் திரும்பும்.

பளிங்குக்குள்ளேயே பல்பகுதியம் வளர்கிற அதிசயம் ஒன்றும் உண்டு. 1969இல் ஜேர்மனியின் வெக்னர், டைஅசெற்றிலீன் வகைப் பளிங்கில் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். நிறமற்ற பளிங்கு, உடையாமல், உருக்குலையாமல், நிரையில் நின்ற மூலக்கூறுகள் அப்படியே கைகோத்துச் சங்கிலியாகி ஆழ்ந்த நிறம் கொண்டது. வெப்பம் பட்டாலும் இந்த வகைச் சேர்வைகள் சில இப்படிக் கோக்கும். அதன் பயனை நம் தாய்மார்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்துப் புட்டியில் ஊதா வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் இருக்கும். 1996இலிருந்து உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்த வெப்பக் காட்டி அது. புட்டி வெப்பத்தில் இருந்த நேரம் கூடக் கூடச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் மருந்தைக் கொடுக்கக் கூடாது. மலை ஏறி, பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்த மருத்துவமாது, சொட்டு விடுவதற்கு முன் அந்தச் சதுரத்தை உற்றுப் பார்த்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

நீலக்கல்லுக்கு வருவோம். இரத்தினபுரியில் நின்றுகொண்டு கல்லைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் ஒளிக்கும் நிரைக்கும் உள்ள உறவைக் கல்லைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறில்லை.

நீலக்கல் என்பது அலுமினிய ஒட்சைட்டுப் பளிங்கு. சுத்தமாக இருந்தால் நிறமே இராது. அதில் மிகச் சிறிதளவு இரும்பும் டைட்டானியமும் பக்கத்துப் பக்கத்து இடங்களில் அமர்ந்தால், ஒளி பட்டு ஓர் இலத்திரன் இரும்பிலிருந்து டைட்டானியத்துக்குத் தாவும். அந்தத் தாவலுக்கு மஞ்சளும் சிவப்பும் செலவாகி, மிஞ்சிய நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. இங்கே கெவுடா என்று அழைக்கும் கலங்கலான கல்லிலும் டைட்டானியம் இருக்கிறது. ஆனால் பளிங்கின் நிரைக்குள் சேராமல் தனியாக ஒதுங்கி, பட்டு நூல்போன்ற நுண்ணூசிகளாகக் கிடக்கிறது. அதனால்தான் கல் பால்போலக் கலங்கியிருக்கிறது. 1500 பாகை செல்சியசுக்கு மேல், ஒட்சிசன் குறைந்த உலையில் சுட்டால் ஊசிகள் கரைந்து, டைட்டானியம் நிரைக்குள் போய் இரும்பின் பக்கத்தில் அமர்ந்துகொள்கிறது. கலங்கல் தெளிந்து நீலம் எழுகிறது.

இந்த விளக்கத்துக்குப் பின்னால் நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. கரியடுப்பில் ஊதுகுழல் வைத்துக் கல்லைச் சுடும் கை இந்த மண்ணில் நூற்றாண்டுகளாக இருந்தது. சிவப்புக் கல்லில் தெரியும் நீலச் சாயலை நீக்க அந்தச் சூடு போதும்; கெவுடாவை மாற்றப் போதாது. எனவே கெவுடாவைப் பெறுமதியற்றதென்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் வந்து அதை மலிவாக வாங்கிப் போய், உயர்வெப்ப உலையில் சுட்டு நீலக்கல்லாக விற்றார்கள். கல் நம்முடையது, குழி தோண்டியது நம் ஆட்கள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இல்லம் என்னும் கல்மண்ணை அரித்தது நம் ஆட்கள். பெறுமதியை உண்டாக்கிய அறிவு மட்டும் நம்மிடம் அப்போது இல்லை. உள்ளூரில் பிற்பாடு அதைக் கற்றுக்கொண்டார்கள். இடையில் போனது போனதுதான்.

வெளிச்சத்துக்கு நேரடியாகத் துலங்கும் நீலக்கல்லும் இங்கே கிடைக்கிறது. நிறம் மிகக் குறைந்த சில இலங்கைக் கற்கள் புறஊதா ஒளியில் மஞ்சளாகி, நல்ல பகல் வெளிச்சத்தில் திரும்ப வெளிறும். பத்மராகம் என்று விலை பேசும் கல்லின் செம்மஞ்சளிலும் இந்த நிலையற்ற மஞ்சள் கலந்திருக்கலாம் என்பதால், ஆய்வுகூடங்கள் அதை முதலில் புறஊதா ஒளியிலும் பிறகு வலுவான வெள்ளொளியிலும் வைத்துச் சோதித்த பிறகே சான்றிதழ் தருகின்றன. எகலியகொடையில் எப். எல். டி. எக்கநாயக்க 1953இல் கண்டெடுத்த பச்சைக் கல், 1961இல் அவர் பெயராலேயே எக்கனைற்று என்று கனிய உலகில் பதிவானது. அதில் தோரியம் இருக்கிறது. தன் கதிர்வீச்சாலேயே பல கோடி ஆண்டுகளில் தன் நிரையைக் கலைத்துக்கொண்டு, பளிங்காக இருந்தது கண்ணாடிபோல ஆகிவிட்டது. காலிப் பக்கத்துக்குப் புகழ் தந்த சந்திரகாந்தக் கல்லின் நீல மினுக்கத்தை சி. வி. இராமனே ஆராய்ந்து, ஜெயராமன், ஸ்ரீநிவாசன் ஆகியோரோடு 1950இல் கட்டுரை எழுதியிருக்கிறார். உலகின் முதல் லேசரை 1960 மே 16 அன்று அமெரிக்காவில் மைமன் ஒளிரச் செய்தார். அதன் உயிர் ஒரு செயற்கை மாணிக்கக் கோல். 1982இல் மௌல்டன் செய்த டைட்டானியம் நீலக்கல் லேசர் இன்றும் ஆய்வுகூடங்களில் ஓடுகிறது. நம் வீட்டு எல்ஈடி விளக்குக்குள் இருக்கும் நீல ஒளிச் சில்லும் பெரும்பாலும் செயற்கை நீலக்கல் தட்டின்மேல் வளர்ந்ததுதான். இவையெல்லாம் உலையில் வளர்த்த பளிங்குகள். இங்கிருந்து போன கற்கள் இல்லை.

ஒளியால் இயங்கும் இறப்பர் இத்தனை காலம் ஆகியும் ஏன் கடைக்கு வரவில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அசோபென்சீன் ஒளியை மிக வலுவாக உறிஞ்சுவதால் மேற்பரப்பிலேயே வெளிச்சம் நின்றுவிடுகிறது. தடித்த துண்டுக்குள் அது இறங்குவதில்லை. புறஊதா ஒளி சங்கிலிகளையும் மெல்ல அரிக்கிறது. வெயிலில் கிடந்த இறப்பர்த் தாள் பிசுபிசுத்த அதே கதை. அதனால் முதலில் வெற்றி பெற்றவை ஒருமுறை அசைந்தால் போதும் என்கிற பொருள்கள். அமெரிக்காவில் டானியல் ஷ்வார்ட்ஸ் என்ற கண் வைத்தியரும் நோபல் பரிசு பெற்ற இரசாயனவியலாளர் ரொபர்ட் கிரப்சும் சேர்ந்து உருவாக்கிய கண் வில்லை அப்படிப்பட்டது. கண்புரை நீக்கிய பின் சிலிக்கோன் வில்லையை உள்ளே வைக்கிறார்கள். காயம் ஆறிய பிறகு, பார்வையில் மிஞ்சிய பிழையை அளந்து, வெளியிலிருந்து புறஊதா ஒளியைக் கணக்காகப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடத்தில் உள்ளேயிருக்கும் சிறு மூலக்கூறுகள் கோத்து, மற்ற இடத்து மூலக்கூறுகளும் அங்கே நகர்ந்து, வில்லையின் வளைவு மாறுகிறது. பார்வை சரியானதும் முழு வில்லையையும் ஒளியால் இறுக்கிவிடுகிறார்கள். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி கொடுத்தது.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். இன்றும் நம் சப்ரகமுவ மாகாணத்தில் தமிழ் மொழி மூலம் உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடசாலைகள் மிகக் குறைவு. பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டும், அல்லது விருப்பத்தை விட்டுவிட வேண்டும். இறப்பர் வெட்டும் வீட்டுப் பிள்ளைக்குப் பல்பகுதியம் பற்றிச் சொல்லித்தர ஆசிரியர் இல்லை என்பதை நான் சாதாரணக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கெவுடா விடயத்தில் நாம் இழந்ததை இறப்பரிலும் கறுவாவிலும் இழந்துகொண்டிருக்கிறோம்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு கோரிக்கை. ஆண்டுக்கொரு சொற்பொழிவோடு, இந்த நிதியில் ஒரு பங்கை மூன்று பரிசோதனைகளுக்கு ஒதுக்குங்கள். இரண்டு முனைவாக்கத் தகடுகள், ஒரு துண்டு வெளிர் கிரேப் இறப்பர், இது முதலாவது. சினமிக் அமிலம் சில கிராம், ஒரு சிறு புறஊதா விளக்கு, கண்ணுக்கும் கைக்கும் காப்பு. பளிங்கின் உருகுநிலை வெளிச்சத்துக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது என்று மாணவர்கள் அளக்கட்டும், இது இரண்டாவது. அதே விளக்கில் நிறம் மாறும் மலிவான கல் ஒன்று, அதன் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மணிக்கு மணி குறித்து வைக்க ஒரு கொப்பி; இது மூன்றாவது. இருபது பாடசாலைகளுக்கு இவற்றை வாங்க ஒரு விழாவின் பந்தல் செலவு போதும். அடுத்த ஆண்டு இந்த மேடையில் என்னைப் போன்ற ஒருவர் பேசுவதற்குப் பதிலாக, யட்டியாந்தோட்டையிலிருந்தோ பலாங்கொடையிலிருந்தோ வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் அளவீடுகளை வாசிக்கட்டும். கேள்வி கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன்.